மருந்தைச் சோதிப்பதுபோல் கணக்குப் பாடத்தைச் சோதிக்க முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள மெரெபேங்க் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய பேத்திக்குக் கணிதக் கல்வியில் முதுகலை ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மருந்துக்கடை நடத்தும் மகனுக்கு அதில் மதிப்பில்லை. "மருத்துவத்தில் மாத்திரை கொடுக்கிறார்கள், குணமானவர்களை எண்ணுகிறார்கள், முடிவு சொல்கிறார்கள். கணக்குச் சொல்லித் தருவதில் ஆராய்ச்சி என்று என்ன இருக்கிறது? ஆளுக்கொரு கருத்துத்தான். உண்மையான ஆராய்ச்சி என்றால் மருந்தைச் சோதிப்பதுபோல் பாடத்தையும் சோதித்துக் காட்டட்டும்" என்கிறாராம். மகன் சொல்வது சரிதானா, பேத்தி அந்தப் படிப்பில் சேரலாமா என்பவை கேள்விகள்.

ஐயா, பேத்தி தாராளமாகச் சேரலாம். மகன் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் மருத்துவ ஆராய்ச்சியின் மிக எளிய வடிவத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அவர் பேசுகிறார். நான் இந்த ஊரில் புள்ளியியல் கற்பிக்கிறவன். ஒரு வாரம் மருத்துவ மாணவர் தம் ஆய்வுத் திட்டத்தோடு வருவார், மறுவாரம் கல்வியியல் மாணவர் வருவார். இருவருக்கும் உள்ள சிக்கல் பல நேரம் ஒன்றேதான் என்று சொன்னால் இருவருக்குமே கோபம் வரும்.

மகன் பெருமைப்படும் இடத்திலிருந்தே தொடங்குவோம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவு 1948இல் வெளியானது. அப்போது மருந்துக் கையிருப்பு குறைவு, எல்லாருக்கும் கொடுக்க வழியில்லை. யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிக்கக் கூடாது என்பது புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் வைத்த விதி. மூடிய உறைக்குள் இருந்த சீட்டுத்தான் தீர்மானித்தது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 14 பேர். சீட்டுப் போட்டதால்தான் இந்த வேறுபாட்டை மருந்தின் கணக்கில் எழுத முடிந்தது. மருத்துவர் கைக்கு விட்டிருந்தால், தேறிவிடுவார் என்று தோன்றிய நோயாளிகளுக்கே மருந்து போய்ச் சேர்ந்திருக்கக்கூடும். அப்புறம் பிழைத்தவர்கள் மருந்தால் பிழைத்தார்களா, இயல்பான உடல் வலுவால் பிழைத்தார்களா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கதை அங்கே முடியவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனி மருந்தாகப் பெற்ற பலரது உடலில் கிருமி அதை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள், இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருந்தது. இரண்டாவது மருந்தொன்றைச் சேர்த்துக் கொடுத்த பிறகே நிலைமை மாறியது.

கணக்குப் பாடத்திலும் இப்படி நடக்கிறது. வடோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்கு விளையாட்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. அதிலும் பள்ளிகளைச் சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார்கள். இரண்டாம் ஆண்டு இறுதியில் கணக்கு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்திருந்தது. நூறு பேர் வரிசையில் ஐம்பதாவதாக நின்ற பிள்ளை ஏறத்தாழ முப்பத்திரண்டாம் இடத்துக்கு வந்ததற்கு இது சமம். திட்டம் நின்று ஓராண்டு ஆனதும் அந்த உயர்வில் 0.1 அளவே மிஞ்சியது. அதாவது நாற்பத்தாறாம் இடம். பாடத்தில் பலன் இப்படிக் கரைந்தால் "நான் அப்போதே சொன்னேன்" என்கிறோம். மருந்தில் கரைந்தால் அடுத்த மருந்தைத் தேடுகிறோம்.

ஆக, பாடத்தைச் சோதித்துக் காட்டட்டும் என்ற சவாலுக்குப் பதில், ஏற்கெனவே சோதிக்கிறார்கள் என்பதே. 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவரும் இந்த வழியில் பள்ளிகளை ஆராய்ந்தவர்கள்தாம். மேலே சொன்ன வடோதரா ஆய்வில் முதலிருவருக்கும் பங்குண்டு. கிரேமரும் அவருடைய தோழர்களும் கென்யாவில் செய்த ஓர் ஆய்வை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். வகுப்பறைச் சுவரில் தொங்கவிடும் பெரிய பாட அட்டைகள் மதிப்பெண்ணை உயர்த்துமா? அட்டை உள்ள பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் சும்மா ஒப்பிட்டபோது உயர்த்தும் என்று தெரிந்தது. பிறகு 178 பள்ளிகளை எடுத்து, பாதிக்கு மட்டும் அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். பலன் ஏதுமில்லை. அட்டை வாங்கும் அளவுக்கு அக்கறையுள்ள பள்ளிகள் வேறு காரணங்களால் முன்பே நன்றாக இருந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இனி மகன் கவனிக்கத் தவறிய பக்கத்துக்கு வருகிறேன். அதற்கு டர்பனை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

இங்குள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் காப்ரிசா ஆய்வு மையத்தை அவர் அறிந்திருப்பார். குவாரைஷா அப்துல் கரீம் தலைமையில் அங்கே நடந்த ஒரு சோதனையின் முடிவு 2010இல் வெளியாகி உலகம் முழுதும் பேசப்பட்டது. எச்ஐவி தொற்றிலிருந்து பெண்கள் தாங்களே தங்களைக் காத்துக்கொள்ள, டெனோஃபோவிர் மருந்து கலந்த ஒரு களிம்பு. டர்பன் நகரிலும் வுலிண்ட்லேலா கிராமப்புறத்திலுமாக 889 பெண்கள் பங்கேற்றார்கள். உறவுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒருமுறை, பிந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒருமுறை பூசிக்கொள்ள வேண்டும். மருந்தில்லாத களிம்பு பெற்றவர்களோடு ஒப்பிட்டால் தொற்று 39 சதவீதம் குறைந்தது. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களிடையே 54 சதவீதம்.

களிம்பை அதே முறையில் மறுபடி சோதித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2015இல் வந்தது. பலன் இல்லை. மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெற்றோர் வீட்டில் வசித்த இளம்பெண்கள். ஒரே அறையில் தங்கைகளோடு படுத்துறங்கும் பெண் அந்தக் களிம்பை எங்கே ஒளித்து வைப்பாள், எப்போது எடுத்துப் பூசுவாள்? இதற்கிடையில் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5029 பெண்களிடம் மாத்திரையையும் களிம்பையும் சோதித்த வேறோர் ஆய்வு இன்னும் கடுமையான பாடம் புகட்டியது. மருந்தைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டபோது பத்தில் ஒன்பது பங்கு ஆம் என்றே பதில் வந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து தென்படவில்லை.

இந்த இடத்தில் மருத்துவம் பள்ளிக்கூடமாகிவிடுகிறது. பெட்டிக்குள் மருந்து இருக்கிறது, ஆளுக்குள் போகவில்லை. பாடத்திட்டம் அச்சாகி வந்துவிட்டது, வகுப்புக்குள் வரவில்லை. "புதிய முறையில் நடத்தினீர்களா" என்று ஆசிரியரிடம் கேட்டால், நடத்தினேன் என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? நீங்களே முப்பது நாற்பது ஆண்டு பணியாற்றியவர், அதிகாரி வரும் நாளில் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எச்ஐவி தடுப்பில் பின்னால் நடந்தது வியப்பானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்து 2024இல் முடிவு சொன்னார்கள். ஊசி போட்டுக்கொண்ட 2134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. தினசரி மாத்திரைக் குழு ஒன்றில் 1068 பேரில் 16 பேருக்கு ஏற்பட்டது. புதிய மருந்து வலுவானது என்பது ஒரு பாதிக் காரணம். நாள்தோறும் நினைவு வைத்துக்கொள்ளும் சுமையையும், பிறர் கண்ணில் படாமல் மறைக்கும் சுமையையும் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து இறக்கி வைத்தது மறுபாதி. கணக்குப் பாடத்துக்கு இப்படியோர் ஊசி கிடையாது. பின்னம் என்றால் என்ன என்பதைப் பிள்ளைதான் யோசித்தாக வேண்டும், ஆசிரியர்தான் யோசிக்க வைத்தாக வேண்டும். கல்வி ஆராய்ச்சி கடினமாக இருப்பதற்குக் காரணம் ஆராய்ச்சியாளர்களின் சோம்பல் அன்று. மருத்துவம் ஊசி கிடைத்ததும் தப்பித்துக்கொண்ட இடத்தில் கல்வி நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

சர்க்கரை நோயை எடுத்துப் பாருங்கள், மகனுக்கு இது இன்னும் அருகில் இருக்கும். டர்பன் இந்தியர் வீடுகளில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீடு அரிது, அவருடைய கடையின் பாதி வியாபாரமே அதுவாக இருக்கலாம். அமெரிக்காவில், நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 3234 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2002இல் வெளியானது. மெட்ஃபார்மின் மாத்திரை, நோய் வருவதை 31 சதவீதம் குறைத்தது. உணவு, நடை, எடைக் குறைப்பு என்று பழக்கத்தை மாற்றிக்கொண்ட குழுவில் 58 சதவீதம் குறைந்தது. அந்தக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? 16 பாடங்கள் கொண்ட ஒரு பாடத்திட்டமும் ஆளுக்கொரு பயிற்றுநரும். பாடம் மாத்திரையை வென்ற சோதனை அது.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். பழக்க மாற்றத்தால் 28.5 சதவீதக் குறைவு, மெட்ஃபார்மினால் 26.4 சதவீதம். அமெரிக்காவில் 58 ஆக இருந்தது சென்னையில் 28.5 ஆகிவிட்டது. ஆட்களின் எடை வேறு, சோறு வேறு, அறிவுரை வழங்கிய விதமும் வேறு. 1860இல் சென்னையில் ட்ரூரோ கப்பல் ஏறியவர்களின் வழிவந்த டர்பன்காரர்களுக்கு எந்த எண் பொருந்தும்? உடல்வாகு சென்னைக்குப் பக்கம், சாப்பாட்டு மேசையும் எங்கும் காரில் போகும் பழக்கமும் அமெரிக்காவுக்குப் பக்கம். ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் எவ்வளவு பலிக்கும் என்ற கேள்வி மருத்துவத்தையும் விடுவதில்லை.

பள்ளியில் இதற்கு எல்லாரும் சொல்லும் எடுத்துக்காட்டு, வகுப்பின் அளவு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை, 79 பள்ளிகளில் சீட்டுக் குலுக்கி, சில பிள்ளைகளை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பிலும் சிலரை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பிலும் வைத்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் முந்தினார்கள். இதைப் பார்த்துக் கலிபோர்னியா 1996இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளை 20 பேருக்குச் சுருக்கியது. வகுப்புகள் பெருகியதும் ஆயிரக்கணக்கில் புதிய ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள், முழுத் தகுதி பெறாத பலரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏழைப் பகுதிப் பள்ளிகளில் இருந்த அனுபவசாலிகள் வசதியான பள்ளிகளில் திறந்த இடங்களுக்கு நகர்ந்தார்கள். டென்னசியில் கண்ட தெளிவான பலன் அங்கே தென்படவில்லை. சோதனை பொய்யில்லை. சோதனையின்போது ஆசிரியர் பஞ்சம் இல்லை, பெருந்திட்டத்தின்போது இருந்தது.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல ஆய்வு உண்டு, கணக்கில் அல்ல, வாசிப்பில். வடமேற்கு மாகாணத்தில் 2015இல் தொடங்கி 230 பள்ளிகளில் நடந்தது. ஒரு குழுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடக்குறிப்பும் புத்தகமும் கொடுத்து, ஓரிடத்தில் கூட்டிவைத்துப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே குறிப்பு, அதே புத்தகம், ஆனால் பயிற்றுநர் வகுப்பறைக்கே வந்து உட்கார்ந்து பார்த்துத் திருத்தினார். இரண்டாண்டு முடிவில் இரண்டாம் குழுவின் பலன் முதல் குழுவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சர்க்கரைச் சோதனையில் ஆளுக்கொரு பயிற்றுநர் இருந்தார் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சிட்ட தாளை அனுப்புவதும் ஆளை அனுப்புவதும் ஒன்றாவதில்லை. செலவு அதிகம், அதனால்தான் அரசுகள் தாளையே அனுப்ப விரும்புகின்றன.

இப்போது கொஞ்சம் கணக்கு, பேத்திக்கு இது கட்டாயம் தேவைப்படும். மாத்திரையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுக்கலாம். பாடத்தை வகுப்புக்குத்தான் கொடுக்க முடியும். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம், ஒரே சூழலில் படிப்பதால் அவர்கள் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒட்டி நகரும். வகுப்புக்கு 40 பேர், 40 வகுப்புகள், மொத்தம் 1600 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுதலே இல்லாவிட்டால் 0, முழுதும் ஒட்டினால் 1 என்று அளப்பார்கள். அந்த ஒட்டுதலின் அளவு 0.2 என்றால், ஒரு பிள்ளையின் வகுப்புத் தோழர் எண்ணிக்கையான 39ஐ 0.2 ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் 8.8 வரும். 1600ஐ 8.8 ஆல் வகுத்தால் 182. ஆயிரத்து அறுநூறு பேரைச் சோதித்ததாகச் சொல்லும் ஆய்வில் தகவல் 182 பேருக்குரியதுதான். தென்னாப்பிரிக்காவில் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு, அதனால் ஒட்டுதல் இன்னும் கூடும். 0.5 என்று போட்டால் 78 பேர்தான் மிஞ்சுகிறார்கள். ஒரு பள்ளியில் புது முறை, பக்கத்துப் பள்ளியில் பழைய முறை என்று ஒப்பிட்டு எழுதும் ஆய்வேடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். எத்தனை நூறு பிள்ளைகள் இருந்தாலும் அது இரண்டே இரண்டு பள்ளிகளின் ஒப்பீடு. மகனின் ஏளனத்துக்குத் தகுதியானவை அவை, அந்த மட்டில் அவர் பக்கம் நான் நிற்கிறேன்.

எதை அளக்கிறோம் என்பதிலும் கல்விக்கு இடர்ப்பாடு. இறந்தாரா இல்லையா என்பதில் விவாதமில்லை. கணக்குத் தெரியுமா என்பதில் உண்டு. ஆராய்ச்சியாளர் தாமே தயாரித்த தேர்வில் பலன் பெரிதாகவும், பொதுத் தேர்வில் சிறிதாகவும் தெரிவது வழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான நம் மெட்ரிக்கின் தேர்ச்சி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 முதல் பத்தாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் கணிதம், அல்லது அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் எளிய பாடமான கணித எழுத்தறிவு, இரண்டில் ஒன்றை எடுக்கிறார்கள். தடுமாறும் பிள்ளைகளை இரண்டாவதுக்குத் தள்ளிவிட்டால் கணிதத் தேர்ச்சி விகிதம் தானே ஏறும். யாருக்கும் ஒரு கூட்டல்கூடப் புதிதாகத் தெரிந்திருக்காது. கடுமையான நோயாளியைச் சேர்க்க மறுத்துவிட்டு, எங்களிடம் சாவு குறைவு என்று சொல்லும் மருத்துவமனையைப் போன்றதுதான் இதுவும். பேத்தி இந்த விகிதத்தை வைத்து எதையாவது நிரூபிக்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் சோதனை பற்றி. ஆனால் மருத்துவ ஆராய்ச்சி முழுவதும் மருந்துச் சோதனை அல்லவே. நோய் இன்னதென்று அறிவதும் ஆராய்ச்சிதான், கணிதக் கல்வியின் சிறந்த பணி அங்கேதான் நடந்திருக்கிறது என்பது என் கருத்து. எரிக் ஷோலர் என்பவர் தென்னாப்பிரிக்கத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் விடைத்தாள்களை ஆராய்ந்து 2008இல் ஓர் அறிக்கை கொடுத்தார். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், தாளின் ஓரத்தில் பிள்ளைகள் போட்டிருந்த கிறுக்கல்களையும் பார்த்தார். ஐந்தாம் வகுப்பில், ஏழாம் வகுப்பில்கூட, பெரும்பாலான பிள்ளைகள் பெருக்கலையும் வகுத்தலையும் ஒவ்வொரு கோடாகக் கிழித்து எண்ணித்தான் செய்திருந்தார்கள். இருபத்து மூன்றைப் பதினேழால் பெருக்க நூற்றுக்கணக்கான சிறு கோடுகள், தாள் முழுதும். பத்து, நூறு என்ற இடமதிப்பு அவர்கள் மனத்தில் குடியேறவே இல்லை. 2019ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணித மதிப்பீட்டில் நம் ஒன்பதாம் வகுப்பு 389 புள்ளி பெற்றது. 500ஐ நடுப்புள்ளியாகக் கொண்ட அளவுகோல் அது. 389 என்ற எண், நாம் பின்தங்கியிருக்கிறோம் என்று சொல்லும். எந்த இடத்தில் வழுக்கினோம் என்பதை அந்தக் கோடுகள் சொல்லும். வகுப்புக்குப் போகும் ஆசிரியருக்குப் பயன்படுவது இரண்டாவதுதான்.

ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜில் ஆட்லர் செய்ததும் இப்படிப்பட்ட பணியே. பிள்ளைகளின் வீட்டுமொழி ஒன்று, பாடமொழி ஆங்கிலம். ஆசிரியர் நடுவில் வீட்டுமொழிக்கு மாறினால் கருத்துப் புரியும், ஆனால் தேர்வில் எழுத வேண்டிய ஆங்கிலக் கணிதப் பேச்சு பழகாது. மாறாவிட்டால் அது பழகும், கருத்து நழுவும். இது ஆசிரியரின் திறமைக்குறைவு அல்ல, அந்த வகுப்பறையிலேயே உள்ள இக்கட்டு என்று அவர் விளக்கினார். 2015ஆம் ஆண்டுக்கான ஹான்ஸ் ஃப்ராய்டென்டால் பதக்கம் அவருக்குக் கிடைத்தது, கணிதக் கல்வி ஆராய்ச்சியில் பன்னாட்டளவில் மிக உயர்ந்த சிறப்புகளில் ஒன்று அது. நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் ஜூலு பேசும் பிள்ளைகள் பெரும்பாலோர் நீண்ட காலம் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியிலும் நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலும் கணக்குப் படித்துவந்தார்கள். நம் பாட்டன் பாட்டி காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இதே கடலில் தத்தளித்தார்கள், அன்றைக்கு யாரும் அதை ஆராயவில்லை.

ஆராய்ச்சி இல்லாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த நாட்டில் சான்று உண்டு. புதிய மாத்திரை ஒன்று கடைக்கு வருமுன் சில பேரிடம், பிறகு சில நூறு பேரிடம், பிறகு சில ஆயிரம் பேரிடம் என்று படிப்படியாகச் சோதிக்கச் சட்டம் வற்புறுத்துகிறது. நாடு முழுவதும் உள்ள பள்ளிகளுக்கு 1997இல் அறிவித்து 1998இல் முதல் வகுப்பிலிருந்து நடைமுறைக்கு வந்த 'பாடத்திட்டம் 2005' என்ற திட்டம் அப்படிப் படிப்படியாக, விரிவாகச் சோதிக்கப்படவில்லை. நிறவெறிக் காலக் கல்வியை உடனே தூக்கி எறிய வேண்டும் என்ற அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் 2000இலேயே மறுஆய்வுக் குழு அமைக்க வேண்டி வந்தது, 2012 முதல் வேறு பாடத்திட்டம் வந்துவிட்டது. இடையில் படித்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? மருத்துவம் மட்டும் யோக்கியம் என்றும் மகன் மார்தட்ட வேண்டாம். அந்த ஆண்டுகளில்தான், சோதித்து நிறுவப்பட்ட எச்ஐவி மருந்துகளை ஒதுக்கிவிட்டுப் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்ன சுகாதார அமைச்சர் நமக்கு இருந்தார்.

நம் வீட்டுப் பிள்ளைகளைத் தொடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழாவுக்குப் போனால், அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்திலேயே 'அபாகஸ் படித்தால் மூளை வளரும்' என்ற தட்டி தொங்குகிறது. மணிச்சட்டத்தை மனத்தில் நினைத்துக் கணக்குப் போடும் இந்தப் பயிற்சியை வடோதராவில் 204 பிள்ளைகளிடம் மூன்றாண்டு சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். கூட்டல், பெருக்கல் போன்ற கணக்குத் திறன் உண்மையிலேயே கூடியது. நினைவாற்றல் முதலான பொதுவான மூளைத்திறன்களில் மாற்றமில்லை. கணக்கு வேகத்துக்காக அனுப்புகிறவர்கள் அனுப்பலாம், மூளை வளரும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இதுவும் கணிதக் கல்வி ஆராய்ச்சிதான். மாத்திரை விளம்பரத்தை ஆராய்ந்து பார்ப்பதைவிட எந்த விதத்தில் குறைந்தது?

மருந்துக்கு மிக நெருங்கி வரும் ஒரு முடிவும் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் ஏழாம் வகுப்புக் கணக்கில், 54 வகுப்புகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வீட்டுப்பாடத் தாளில் ஒரே வகைக் கணக்குகள் வரிசையாக, மறுபாதிக்குப் பல வகைகள் கலந்து. கணக்குகள் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றேதான், அடுக்கிய வரிசை மட்டும் வேறு. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் கலந்து படித்தவர்கள் 61 சதவீதம், வரிசையாகப் படித்தவர்கள் 38 சதவீதம். 2020இல் வெளியான இந்தப் பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் தம் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, தாளைக் கொடுத்தால் போதும். ஊசிக்குக் கொஞ்சம் உறவு. நம் பாடநூல்கள் இன்னும் ஒரே வகையில் இருபது கணக்குகளை அடுக்குகின்றன. பேத்தி பள்ளிப் பிள்ளை யாருக்காவது கணக்குச் சொல்லித் தருகிறாள் என்றால் நாளைக்கே இதைச் செய்து பார்க்கலாம்.

படிப்பைப் பற்றி நடைமுறையில் சொல்ல வேண்டியவை சில. முதுகலையில் பெரிய சோதனை எதையும் அவள் தலையில் கட்டிக்கொள்ளக் கூடாது. மேலே போட்ட வகுத்தல் கணக்கே காரணம், அத்தனை பள்ளிகளைத் திரட்ட ஒரு மாணவியால் ஆகாது. பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில், சொல்லப்போனால் எதிர்ம எண்ணிலோ பின்னத்திலோ, எப்படிப் பிழை செய்கிறார்கள் என்பதை நான்கைந்து வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து, தாள்களைத் திரட்டி எழுதினால் அது நல்ல ஆய்வேடு. இந்தியர் மிகுந்த ஃபீனிக்ஸில் ஒரு பள்ளி, ஜூலு பேசுவோர் மிகுந்த உம்லாசியில் ஒரு பள்ளி என்று எடுத்தால் மொழிப் பக்கமும் உள்ளே வரும், ஜூலு தெரிந்த துணை ஒருவர் தேவைப்படுவார். மருத்துவத் துறையின் புள்ளியியல் வகுப்பு ஏதாவது ஒன்றில் போய் உட்காரச் சொல்லுங்கள், கல்வியியல் துறைகளில் அந்தப் பயிற்சி பெரும்பாலும் மெலிவாக இருக்கிறது. பதிலுக்கு, மருத்துவ மாணவர்கள் ஒருவரைப் பேச விட்டுக் கேட்கும் முறையைக் கல்வியியல் மாணவர்களிடம் கற்றால் நல்லது என்பேன். களிம்புச் சோதனைகளில் பெண்கள் மருந்தை ஏன் தொடவில்லை என்று கடைசியில் விளங்கியதும் அப்படிக் கேட்டபோதுதான்.

வேலை விஷயத்தில் ஒரு குழப்பம் வேண்டாம். ஆய்வுப் பட்டம் மட்டும் இருந்தால் அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஆக முடியாது. இளங்கலைக் கல்வியியல் பட்டமோ பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டு ஆசிரியர் சான்றிதழோ வேண்டும், ஆசிரியர் மன்றத்தில் பதிவும் வேண்டும். அவளிடம் அது இல்லையென்றால் முதலில் அதை முடித்துவிடுவது மேல். கணித ஆசிரியர் ஆகப் படிப்பவர்களுக்கு அரசின் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகை கிடைக்கலாம், படித்து முடித்தபின் உதவி பெற்ற ஆண்டுகளுக்கு ஈடாக அரசுப் பள்ளியில் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. ஆய்வுக்குத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகை தனி.

பள்ளிக்குள் ஆய்வு செய்யப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, மாகாணக் கல்வித் துறை, தலைமையாசிரியர், பெற்றோர் என்று நான்கு பக்க ஒப்புதல் வேண்டும். மருத்துவமனை ஆய்வுக்கும் இதே போலத்தான் அலைச்சல். நான்காம் பருவம் தேர்வுக் காலம், அப்போது வகுப்பறைக்குள் விட மாட்டார்கள். ஆகவே அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தாள் திரட்ட வேண்டுமென்றால் இந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும்.